கொழும்பில் அலுவலகம், மலையில் வீடு: நாள் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு ஹட்டனில், தலவாக்கலையில், பண்டாரவளையில். அலுவலகம் கொழும்பில் அல்லது கண்டியில். வாரத்தில் சில நாள் அங்கே, சில நாள் இங்கே. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இது கட்டாயத்தால் தொடங்கியது. 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாடு முற்றியபோது, அத்தியாவசியமற்ற அரச ஊழியர்களையும் வீட்டிலிருந்தே வேலை செய்யுமாறு அரசாங்கம் சொன்னது. பின்னர் சில தனியார் நிறுவனங்களில் அது கலப்பு முறையாக நிலைத்துவிட்டது. மலையகத்து இளைஞர்களுக்கு இது ஒரு பெரிய வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன். தாய் தகப்பனோடு இருந்துகொண்டே கொழும்புச் சம்பளம் வாங்கலாம். வேலையில் எந்தக் குறையும் இல்லாமல், எந்த நாள் அலுவலகம், எந்த நாள் வீடு என்ற நாள் கணக்கு ஒத்துவரவில்லை என்ற ஒரே காரணத்தால் அந்த வாய்ப்பு கைநழுவக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கேள்விகளையும் பதில்களையும் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

நிறுவனத்திடம்தான் வருகைப் பதிவு இருக்கிறதே, நான் ஏன் தனியாக எழுத வேண்டும்?

விரல் அடையாள இயந்திரத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இன்று இவர் வாசலைக் கடந்தாரா, இல்லையா. கடக்காத நாட்களுக்கிடையே அது வித்தியாசம் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து எட்டு மணி நேரம் உழைத்த நாள், காய்ச்சலில் படுத்திருந்த நாள், கினிகத்தேனையில் மண் சரிந்து பஸ் திரும்பிய நாள், வாடிக்கையாளரின் இடத்துக்கு நேரே போய்வந்த நாள் எல்லாம் அங்கே வெறும் கட்டங்களாகவே கிடக்கும். மாதக் கடைசியில் யாரோ ஒருவர் அந்தக் கட்டங்களை நிரப்புகிறார். அவருக்கு உங்கள் ஊரும் தெரியாது, அந்த வழியும் தெரியாது.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் முழுப் பேர் (முழு நாள் கணக்கு) விழுந்ததா, அரைப் பேர் போட்டார்களா என்று நாள் தவறாமல் நினைவில் வைத்திருந்து, சம்பள நாளன்று கேள்வி கேட்ட பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் 2013 கூட்டு ஒப்பந்தத்தில் வருகைக் கொடுப்பனவு இருந்தது. 75 வீத வருகை இருந்தால்தான் அது கிடைக்கும். அந்த 75 வீதம் மாதத்தின் எல்லா நாட்களிலும் அல்ல, வேலை வழங்கப்பட்ட நாட்களில். இன்று உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கும் "60 வீதம் அலுவலகம்" என்ற வரியையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். எத்தனை நாள் போனோம் என்பதைவிட, எத்தனை நாட்களில் அத்தனை நாள் என்பதே முக்கியம்.

என்னென்ன எழுத வேண்டும்?

திகதி, கிழமை, இடம், தொடங்கிய நேரமும் முடித்த நேரமும், குறிப்பு. இவ்வளவு போதும். இடத்துக்கு ஓர் எழுத்து வைத்துக்கொள்ளுங்கள்: அலுவலகத்துக்கு "அ", வீட்டுக்கு "வீ", லீவுக்கு "லீ", போயா என்ற பௌர்ணமி விடுமுறைக்குப் "போ", வழி மூடிய நாளுக்கு "த". விடுமுறைக்கு "வி" என்று வைக்காதீர்கள். அவசரமாக எழுதும்போது "வீ"யும் "வி"யும் ஒன்றுபோலத் தோன்றும், மூன்று மாதம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

குறிப்பு என்ற கட்டத்தைத்தான் பலர் வெறுமையாக விடுகிறார்கள். என் கணிப்பில் முழுப் பக்கத்திலும் மதிப்புள்ள கட்டம் அதுதான். உதாரணமாக இப்படி எழுதலாம்: "14, செவ்வாய், வீ, 8.30 முதல் 5.15 வரை. மின்சாரம் 2.10 முதல் 3.00 வரை இல்லை. மேலாளருக்கு 2.15க்குச் செய்தி அனுப்பினேன்." ஒரு வரிக்குள் என்ன நடந்தது, எப்போது நடந்தது, யாருக்குத் தெரியும் என்ற மூன்றும் வந்துவிட்டன.

அன்றைய வரியை அன்றைக்கே எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஐந்து நாளையும் நினைவிலிருந்து நிரப்பினால் அது பதிவல்ல, ஊகம்.

கொப்பியா, கைத்தொலைபேசியா, விரிதாளா?

எதை ஒவ்வொரு நாளும் தொடுவீர்களோ அது. கொப்பிக்கு மின்சாரமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். மலையில் அது சிறிய விடயமல்ல. மாதக் கடைசியில் எண்ணுவதற்கு விரிதாள் வசதி. எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் கவுண்டிஃப் (COUNTIF) என்ற சூத்திரம், ஒரு நிரலில் "அ" எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணிக் கொடுக்கும். நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS) என்ற சூத்திரத்துக்கு மாதத்தின் முதல் திகதியையும் கடைசித் திகதியையும் கொடுத்து, போயா முதலான விடுமுறைத் திகதிகளை ஒரு பட்டியலாகக் காட்டினால், சனி ஞாயிறையும் அந்த விடுமுறைகளையும் கழித்து வேலை நாட்களைச் சொல்லிவிடும்.

கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்கள் அந்தத் தாளை இணைய இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி கைத்தொலைபேசியில் அமைத்து வையுங்கள். அலுவலக மடிக்கணினியில் மட்டும் வைப்பது சரியல்ல. வேலையை விட்டு விலகும் நாளில் கணினி திரும்பிப் போகும், உங்கள் பதிவும் அதோடு போய்விடும்.

"மாதத்தில் 60 வீதம் அலுவலகத்தில் இருக்க வேண்டும்" என்கிறார்கள். எப்படிக் கணக்கிடுவது?

ஒரு மாதத்தை எடுத்து வைத்துக்கொண்டே பார்ப்போம். 2025 ஒக்டோபரில் திங்கள் முதல் வெள்ளி வரையான நாட்கள் 23. அதில் 6 ஆம் திகதி திங்கட்கிழமை வப் போயா. ஆகவே வேலை நாட்கள் 22. தீபாவளி 20 ஆம் திகதி திங்கட்கிழமை வந்தது. ஊரில் தீபாவளி ஒரு நாளோடு முடிவதில்லை, ஆகவே நீங்கள் 20, 21, 22 ஆகிய மூன்று நாளும் லீவு எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 19.

இப்போது 60 வீதம் எதில்? 22 இல் என்றால் 13.2, 19 இல் என்றால் 11.4. பின்னத்தை மேலே ஏற்றினால் முதலாவது 14 நாள், இரண்டாவது 12 நாள். கீழே இறக்கினால் 13, 11. எப்படிப் பார்த்தாலும் இரண்டு நாள் வித்தியாசம். கொழும்பில் குடியிருப்பவருக்கு இரண்டு நாள் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஹட்டனிலிருந்து போகிறவருக்கு அது போக வரச் சேர்த்து எட்டுப் பத்து மணி நேரப் பயணமும் ஒரு இரவுத் தங்கலும்.

ஆகவே மனித வளப் பிரிவிடம் நான்கு விடயங்களைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். லீவு நாட்கள் மொத்தத்திலிருந்து கழிக்கப்படுமா? பின்னம் வந்தால் மேலேயா கீழேயா? கணக்கு வாரத்துக்கா, மாதத்துக்கா, காலாண்டுக்கா? ஒரு மாதம் கூடுதலாக வந்தால் அடுத்த மாதத்துக்கு அது சேருமா? நேரில் சொன்ன பதில் போதாது. சொன்னவர் வேறு பிரிவுக்கு மாறிப் போகலாம்.

"வாரத்தில் மூன்று நாள்" என்ற விதி இருக்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். மேலே சொன்ன தீபாவளி வாரத்தில் மிஞ்சுவது வியாழனும் வெள்ளியும் மட்டுமே. இரண்டு நாளுக்குள் மூன்று நாளை அடக்க முடியாது. அந்த வாரத்துக்கு விதி தளருமா என்பதை லீவு விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள், பிறகு அல்ல.

தீபாவளி அரச விடுமுறைதானே, அதற்கு ஏன் லீவு போட வேண்டும்?

தனியார் துறையில் இருக்கும் பலர் முதல் வருடத்தில் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இலங்கையில் அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை உண்டு. நாட்காட்டியில் சிவப்பாக இருக்கும் எல்லா நாளும் தனியார் அலுவலகத்துக்குப் பொருந்தாது. போயா நாட்களைத் தவிர, வர்த்தக விடுமுறைகளாக இருப்பவை தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு மறுநாள், மீலாதுன் நபி, கிறிஸ்மஸ் ஆகிய எட்டும்தான். தீபாவளி, மகா சிவராத்திரி, பெரிய வெள்ளி மூன்றும் அரச, வங்கி விடுமுறைகளே தவிர வர்த்தக விடுமுறைகள் அல்ல.

நிறுவனம் விரும்பினால் கூடுதலாக விடுமுறை கொடுக்கலாம், சில கொடுக்கவும் செய்கின்றன. ஆண்டுத் தொடக்கத்திலேயே நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியலை வாங்கி உங்கள் விரிதாளில் ஏற்றிவிடுங்கள். தீபாவளியன்று "வீட்டிலிருந்து வேலை செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு எண்ணெய் வைப்பதும் விருந்தினரைக் கவனிப்பதுமாக இருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பண்டிகையும் அரைகுறை, வேலையும் அரைகுறை. லீவு எடுத்துக் கொண்டாடுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஒரு முழு வருடம் வேலை செய்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தற்செயல் லீவும் உண்டு, அவை இப்படிப்பட்ட நாட்களுக்காகவும்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலும் அந்த 14 நாள் கிடைக்குமா?

கிடைக்காது. அடுத்த வருடத்தில் கிடைக்கும் வருடாந்த லீவு நீங்கள் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, அதற்குப் பிறகு 4. முதல் வருடத்தில் தற்செயல் லீவு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்ற அளவில் சேரும்.

எந்தெந்த நாளை அலுவலக நாளாக வைத்துக்கொள்வது நல்லது?

தெரிவு உங்கள் கையில் இருந்தால் சேர்த்து வையுங்கள். திங்கள் ஒரு நாள், வியாழன் ஒரு நாள் என்று பிரித்தால் வாரத்துக்கு இரண்டு முழுப் பயணம். செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்து வைத்தால் ஒரு பயணம், ஒரு இரவு. வெள்ளி மாலையில் கொழும்பிலிருந்து மேலே வரும் பஸ்களின் நெரிசலும் திங்கள் காலை கீழே இறங்கும் நெரிசலும் அப்போது உங்களைத் தொடாது. கணக்கு மாதத்துக்கு என்றால் இன்னும் வசதி. ஒரு வாரம் முழுவதும் கொழும்பில், அடுத்த வாரம் முழுவதும் வீட்டில் என்று மாற்றி மாற்றி வைக்கலாம்.

மேல்மலைக்காரர்கள் நாட்காட்டியில் இன்னும் இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை, வார இறுதிகளிலும் போயாவை ஒட்டிய நாட்களிலும் ஹட்டன் வழியில் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் இடம் கிடைப்பது கடினம். யாத்திரிகர்கள் வருவது நம் ஊருக்குப் பெருமைதான், வருமானமும்தான். அந்த நாட்களில் நாம் வழியில் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

மற்றது மழை. இதைக் கொழும்பு மேலாளருக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் இல்லை. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் காற்று வீசுமே தவிர மழை குறைவு. அங்கே டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. உங்கள் கணக்கு காலாண்டுக்கு என்றால் இதைப் பயன்படுத்துங்கள். மஸ்கெலியாக்காரர் ஏப்ரல், மே, ஜூன் காலாண்டின் அலுவலக நாட்களில் பெரும் பகுதியைப் புத்தாண்டு முடிந்த கையோடு ஏப்ரல் பிற்பகுதியிலும் மே தொடக்கத்திலும் முடித்துவிட்டால், ஜூன் மழையில் கலங்க வேண்டியதில்லை. பண்டாரவளைக்காரர் ஜூன், ஜூலை, ஓகஸ்டில் தாராளமாகப் போய், டிசம்பருக்கு வீட்டு நாட்களை வைத்துக்கொள்ளலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை வரும். அந்த மாதங்களில் காலையிலேயே புறப்பட்டுவிடுவது நல்லது.

மண்சரிவால் வழி மூடிவிட்டது. அந்த நாளை எப்படிப் பதிவது?

முதலில் உயிர், பிறகு பதிவு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150 ஐத் தாண்டினால் சிவப்பு. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குச் சிவப்பு வந்துவிட்டால் மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டாரோடு புறப்படுங்கள். அன்றைக்கு "வீ" என்றும் எழுத வேண்டாம். வீடே பாதுகாப்பாக இல்லாத நாள் வீட்டு வேலை நாளாக இருக்க முடியாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

வீடு பாதுகாப்பாக இருந்து வழி மட்டும் மூடியிருந்தால், அது உங்கள் அலுவலக நாளாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "த, அலுவலக நாள், கடுகண்ணாவையில் பாதை மூடல், காலை 5.40க்கு மேலாளருக்குச் சொன்னேன், வீட்டிலிருந்து 8.30 முதல் வேலை" என்று எழுதினால், நீங்கள் போகத் தயாராக இருந்ததும் போக முடியாமல் போனதும் வேலை நின்றுவிடாததும் தெரியும். பொலிஸ் அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து, திகதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகத்தின் வீதிகளும் புகையிரதப் பாதையும் உடைந்தன. உயிர்களும் வீடுகளும் போயின. அப்படிப்பட்ட அனர்த்தத்தின்போது எந்த நல்ல நிறுவனமும் வீதக் கணக்குக் கேட்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் செய்திகளில் வராத சிறிய சரிவுகள் வருடந்தோறும் வருகின்றன. வட்டவளைப் பக்கம் தண்டவாளத்தில் மண் விழுந்தால் கொழும்பில் அதைக் கேள்விப்படுகிறவர் குறைவு. உங்கள் குறிப்பு பயன்படப்போவது அந்த நாட்களில்தான்.

மின்சாரமோ இணையமோ இல்லாமல் போன நாள் வீட்டு நாளா, லீவு நாளா?

எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் போய்வந்தால் அது வீட்டு நாளேதான். விட்ட நேரத்தை மாலையில் ஈடுசெய்தால் அதையும் எழுதிவிடுங்கள். அரை நாளுக்கு மேல் போனால் அன்றைக்கே மேலாளரிடம் முடிவு கேளுங்கள், மாதக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டாம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது போன்ற நாளில் எல்லோருக்கும் ஒரே நிலைமை, விளக்கம் தேவையில்லை. உங்கள் தோட்டத்துக்கு மட்டும் மரம் விழுந்து கம்பி அறுந்த நாள் வேறு. மின்சார சபைக்கு முறையிட்டபோது கிடைத்த முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

ஒரே வலையமைப்பை நம்பியிருக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கில் இருக்கும் லயத்தில் (தோட்டத்துத் தொடர் வீடுகளில்) ஒரு நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில் இன்னொன்று கிடைக்கலாம். வேறு வலையமைப்பின் சிம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது அதிகச் செலவல்ல.

காலையில் அலுவலகம், பிற்பகல் பயணம். அதை முழு நாளாக எண்ணலாமா?

நிறுவனத்தின் விதி என்னவோ அதன்படி. விதி இல்லாவிட்டால் பாதி என்று எழுதுங்கள். விரிதாளில் நாள் எண்ணிக்கைக்கு ஒரு நிரல் வைத்து 0.5 என்று போட்டால் கூட்டுவது எளிது.

புகையிரதத்தில் வரும்போது செய்த வேலை?

அதை நாளாக எண்ண வேண்டாம். சுரங்கங்களும் சிக்னல் இல்லாத இடங்களும் நிறைந்த பாதையில் செய்யக்கூடியது மின்னஞ்சல் வாசிப்பும் குறிப்பெடுப்பும்தான். நேரத்தைக் குறிப்பில் எழுதுங்கள், போதும்.

அலுவலகம் இல்லாத நாளில் வெள்ளவத்தைப் போர்டிங்கிலிருந்து வேலை செய்கிறேன். அது வீட்டு நாளா?

நிறுவனத்துக்கு அது வீட்டு நாள்தான், ஏனென்றால் நீங்கள் அலுவலகத்தில் இல்லை. ஆனால் உங்கள் பதிவில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, மாத வாடகை கொடுத்து போர்டிங் வைத்திருப்பதா, போகும் இரவுகளுக்கு மட்டும் தங்கிக்கொள்வதா என்று முடிவெடுக்க அந்தப் பிரிப்பு வேண்டும். போர்டிங்கில் உண்மையில் எத்தனை இரவு படுத்தீர்கள் என்று எண்ணி, வாடகையை அதால் வகுத்துப் பாருங்கள்.

பருவச்சீட்டு எடுப்பது இலாபமா?

கம்பளை, நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ போய்வருபவர்களின் கேள்வி இது. மாதப் பருவச்சீட்டின் விலையை ஒரு நாள் போக வர ஆகும் கட்டணத்தால் வகுங்கள். வரும் எண்ணைவிட உங்கள் அலுவலக நாட்கள் கூடினால் எடுக்கலாம். பண்டிகை மாதத்தில் எடுக்கும் முன் ஒரு தடவை நாட்காட்டியைப் பாருங்கள்.

வீட்டு வேலை இடத்தின் முகவரியைக் கேட்கிறார்கள். எங்கள் லயத்துக்குத் தனி இலக்கம் இல்லையே?

இருப்பதை முழுமையாகக் கொடுங்கள்: தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தபாலகம். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கி இணைக்கலாம். இதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. தோட்ட முகவரிக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே வருவதால் தாமதமாகலாம். முக்கியமான கடிதங்களை மின்னஞ்சலிலும் அனுப்புமாறு எழுத்தில் கேட்டு வையுங்கள்.

"வீட்டில்தானே இருக்கிறாய்" என்று வீட்டார் வேலை சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அண்ணன் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தால் வேலை, தங்கை உட்கார்ந்தால் ஓய்வு என்று நினைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது மாற வேண்டும், அதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும்.

நாள் கணக்கு இங்கேயும் உதவும். மாத நாட்காட்டி ஒன்றைச் சமையலறைச் சுவரில் மாட்டி, அலுவலக நாளை ஒரு நிறத்திலும் வீட்டு வேலை நாளை இன்னொரு நிறத்திலும் லீவை மூன்றாவது நிறத்திலும் குறியுங்கள். வேலை நேரத்தையும் பெரிதாக எழுதுங்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டியது நீங்கள் எப்போது கூப்பிட்டால் வர முடியும் என்பதுதான். 12.30 முதல் 1.15 வரை வருவேன், 5.15க்குப் பிறகு வருவேன் என்று தெரிந்துவிட்டால் இடையில் கூப்பிடுவது தானாகக் குறையும். கோவில் திருவிழா, காதுகுத்து, மரண வீடு போன்றவற்றுக்கு லீவு எடுத்தால் அதையும் அதே நாட்காட்டியில் காட்டுங்கள். மூன்றாவது நிறம் எத்தனை கட்டங்களில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால், லீவு எல்லையில்லாமல் கிடைப்பது என்ற எண்ணம் போய்விடும்.

வீட்டு நாளில் இரவு எட்டு மணி வரை வேலை இழுக்கிறது. அதற்கு மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டா?

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். வீட்டிலிருந்து வேலை என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. ஆனால் அது சொல்லும் எல்லை தெளிவானது: சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் சென்றால் ஒன்றரை மடங்கு. உங்கள் பதவிக்கு மேலதிக நேரம் எப்படிப் பொருந்துகிறது என்பதை நியமனக் கடிதத்தில் பாருங்கள்.

கொடுப்பனவு கிடைக்கிறதோ இல்லையோ, முடித்த நேரத்தை உண்மையாக எழுதுங்கள். அலுவலக நாளில் பஸ் நேரம் வந்துவிட்டால் எழுந்து போய்விடுகிறோம். வீட்டு நாளில் எழுப்ப யாரும் இல்லை. எட்டு மணி நேரம் ஒன்பதாகி, ஒன்பது பத்தாவது கண்ணுக்குத் தெரிவது அந்த நிரலில்தான்.

வீட்டு நாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதி குறையுமா?

குறையாது. நீங்கள் எங்கே உட்கார்ந்து உழைத்தாலும் சம்பளம் சம்பளமே. ஊழியரின் 8 வீதமும் தொழில் தருநரின் 12 வீதமும் சேமலாப நிதிக்கு, தொழில் தருநரின் 3 வீதம் நம்பிக்கை நிதிக்குப் போக வேண்டும். சம்பளச் சிட்டையில் ஒவ்வொரு மாதமும் பாருங்கள்.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் நாள் கணக்கு எதற்கு உதவும்?

மிகவும் உதவும். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலிருந்து இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குப் போகும்போதும் அங்கிருந்து திரும்பும்போதும் நேரும் விபத்துகளை 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அதற்குள் கொண்டுவந்தது. கலப்பு முறையில் எழும் முதல் கேள்வி, அன்று உங்களுக்கு அலுவலக நாளா என்பதுதான். நிரந்தர அட்டவணை இல்லாதவர் அதை எப்படிக் காட்டுவார்? ஆகவே அடுத்த வாரம் எந்தெந்த நாள் வருவேன் என்பதை முந்திய வாரமே மேலாளருக்கு ஒரு வரி எழுதி அனுப்பும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நாள் மாறினால் மாற்றத்தையும் புறப்படும் முன்பே அனுப்புங்கள். பஸ் டிக்கெட்டை அந்த மாதம் முடியும்வரை எறியாதீர்கள்.

இருப்பிடத்தைப் பார்க்கும் செயலியைப் போடச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

என்ன தரவு, எந்த நேரத்தில், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு உங்களுக்கு முழு நியாயம் உண்டு. வேலை நேரத்தில் மட்டும் இயங்கும் செயலி ஒன்று, இரவும் பகலும் பின்தொடரும் செயலி வேறொன்று. இரண்டாவதை நான் ஏற்கமாட்டேன். கைத்தொலைபேசி கோபுரத்தை வைத்து இடத்தைக் கணித்தால், மலை மடிப்புகளுக்கிடையே நீங்கள் பக்கத்து ஊரில் இருப்பதாகக் காட்டக்கூடும். அப்படிக் காட்டிய நாளைக் குறிப்பில் எழுதுங்கள்.

நிறுவனத்தின் எண்ணும் என் எண்ணும் ஒத்துவரவில்லை. இனி என்ன?

கோபத்தோடு தொடங்காதீர்கள். பெரும்பாலும் ஒரு போயாவோ ஒரு அரை நாளோ இடம் மாறியிருக்கும். உங்கள் பதிவிலிருந்து வேறுபடும் திகதிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தோடு மனித வளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "நான் நிறைய நாள் வந்தேன்" என்பதற்குப் பதில் வராது. "8 ஆம் திகதி புதன், வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருந்தேன், உடன் வந்தவர் இன்னார், வருகைப் பதிவில் வெறுமையாக இருக்கிறது" என்பதற்குப் பதில் வந்தே ஆக வேண்டும். சம்பளம் வெட்டப்படும் முன் அனுப்புவதற்காகவே, மாதத்தின் கடைசி வேலை நாளில் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சம்பளம் வெட்டப்பட்டு, எழுதியும் பயன் இல்லாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வேலை நேரம், லீவு, சம்பளம் பற்றிய பதிவுகளை வைத்திருக்க வேண்டிய சட்டப் பொறுப்பு தொழில் தருநருடையது. உங்கள் பதிவு அதற்கு எதிரே வைத்துப் பார்ப்பதற்கு. போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதிகள், உங்கள் நாள் கணக்கு ஆகியவற்றைத் திகதி வரிசையில் கொண்டு போங்கள்.

பழைய கொப்பிகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

அந்த நிறுவனத்தில் இருக்கும்வரை எல்லாவற்றையும். விலகிய பிறகு, கடைசிச் சம்பளமும் சேமலாப நிதிக் கணக்கும் சரிபார்த்து முடியும்வரை. கொப்பியில் எழுதுபவர்கள் ஒவ்வொரு மாத முடிவிலும் பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். கூரை ஒழுகும் மாதங்களில் காகிதத்தை மட்டும் நம்ப முடியாது.